வீடா, சானட்டோரியமா? கூகுள் ஃபார்ம் அனுப்பும் முன் பிஎச்டி மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சென்னை ஆய்வு

கடற்கரையிலிருந்து தாம்பரம் போகும் மின்சார ரயிலில், குரோம்பேட்டை தாண்டியதும் வரும் ஸ்டேஷன் தாம்பரம் சானட்டோரியம். மெப்ஸ் வளாகத்தில் வேலை பார்ப்பவர்கள், தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்கு வரும் நோயாளிகள், அரசு நெஞ்சக நோய் மருத்துவமனைக்குச் செல்பவர்கள் எல்லோரும் இறங்கும் இடம் அது. 'சானட்டோரியம்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்று யோசிக்க காலை 9 மணி கூட்டத்தில் யாருக்கும் நேரம் இருக்காது.

1928-ல் டாக்டர் சௌரிமுத்து இங்கே ஒரு காசநோய் மருத்துவமனை தொடங்கினார். அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. சுத்தமான காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு. சானட்டோரியம் என்றால் இதுதான். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் ஸ்ட்ரெப்டோமைசின், பாஸ், ஐசோனியாசிட் என்று வரிசையாக மருந்துகள் வந்தன. உடனே ஒரு கேள்வியும் வந்தது. மருந்து கையில் இருக்கும்போது, நோயாளி படுக்கையில் சேர்ந்துதான் ஆக வேண்டுமா? வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டால் போதாதா?

இது சும்மா கேட்ட கேள்வி இல்லை. அன்றைய இந்தியாவில் லட்சக்கணக்கான காசநோயாளிகள் இருந்தார்கள். படுக்கைகளோ அதில் மிகச் சிறு பகுதிக்குக்கூடப் போதாது. வீட்டுச் சிகிச்சை பலன் தரும் என்றால் லட்சக்கணக்கானோருக்கு மருந்து போய்ச் சேரும். பலன் தராது என்று தெரியாமலேயே அதை ஆரம்பித்தால், நோயும் பரவும், மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகும்.

பதில் தேடுவதற்காக 1956-ல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, மதராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம் அது. சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். அவர்கள் நடத்திய 'வீடா, சானட்டோரியமா' ஆய்வின் முடிவு 1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியானது. காசநோய் சிகிச்சையின் போக்கையே மாற்றிய ஆய்வு அது.

இதற்கும் இன்று பிஎச்டி சேரும் ஒருவருக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. எண்களை வைத்துச் செய்யும் ஆய்வின் அடிப்படைப் பாடங்கள் எல்லாம் இந்த ஒரே ஆய்வில் இருக்கின்றன.

"டேட்டா வந்துடுச்சு சார், என்ன டெஸ்ட் போடணும்?"

கிழக்கு தாம்பரத்தில் 1937 முதல் இயங்கும் சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் ஆரம்பித்து வண்டலூர், காட்டாங்குளத்தூர், கேளம்பாக்கம், சோழிங்கநல்லூர் வரை, தென் சென்னை புறநகர் முழுக்க ஆய்வுப் படிப்பு நடக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே பகுதி நேரமாக பிஎச்டி செய்பவர்களும் உண்டு. யுஜிசியின் 2022 விதிமுறைப்படி, பிஎச்டி மாணவர் கோர்ஸ்வொர்க்கில் குறைந்தது 12 கிரெடிட் முடிக்க வேண்டும். அதில் ஆய்வு முறையியல் பாடம் கட்டாயம். படிப்புக் காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு.

பாடம் கட்டாயம்தான். ஆனாலும் பலர் போகும் வழி இப்படி இருக்கிறது: முதலில் தலைப்பு, அடுத்து கூகுள் ஃபார்ம், அதன்பின் வாட்ஸ்அப் குரூப்களில் லிங்க், எக்செல் ஷீட் நிரம்பியதும் எஸ்பிஎஸ்எஸ். கடைசியாக, புள்ளியியல் தெரிந்த ஒருவரிடம் மேலே உள்ள கேள்வி.

நவீனப் புள்ளியியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ரொனால்ட் ஃபிஷர், 1938-ல் இந்தியாவில் நடந்த முதல் புள்ளியியல் மாநாட்டில் பேசும்போதே இதைத் தொட்டிருக்கிறார். ஆய்வை முடித்துவிட்டுப் புள்ளியியலாளரிடம் வருவது பிரேதப் பரிசோதனைக்குக் கொண்டுவருவது மாதிரி என்பது அவர் சொன்னதன் சாரம். ஆய்வு எதனால் இறந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், பிழைக்க வைக்க முடியாது.

ஒரு கற்பனை உதாரணத்தைக் கூடவே வைத்துக்கொள்வோம். சேலையூரில் வீடு, ஓஎம்ஆரில் வேலை, பகுதி நேர பிஎச்டி. இப்படி ஒரு ஆய்வு மாணவர். அவருடைய தலைப்பு: வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஐடி ஊழியர்களின் மன அழுத்தம். 1956-ல் 'வீடா, சானட்டோரியமா' என்று கேட்டார்கள். இவர் கேட்பது 'வீடா, ஆபீஸா'. கேள்வியின் வடிவம் ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் படி: தலைப்பு வேறு, கேள்வி வேறு

'ஐடி ஊழியர்களின் மன அழுத்தம் – ஓர் ஆய்வு' என்பது தலைப்பு. இதற்கு ஆமாம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. எந்த எண் வந்தால் என்ன முடிவு என்பதும் அதில் இல்லை.

கேள்வி என்றால் இப்படி இருக்க வேண்டும்: வாரத்தில் 3 நாளுக்கு மேல் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் அழுத்த மதிப்பெண், தினமும் ஆபீஸ் போகிறவர்களின் மதிப்பெண்ணைவிடக் குறைவா? இதில் யாரை யாரோடு ஒப்பிடுகிறோம், எதை அளக்கிறோம் என்ற இரண்டும் தெளிவாக இருக்கின்றன. காரணமாகக் கருதப்படும் 'வேலை பார்க்கும் இடம்' சார்பற்ற மாறி. விளைவாகக் கருதப்படும் 'அழுத்தம்' சார்ந்த மாறி. 'இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை' என்று எடுத்துக்கொண்டு தொடங்குவது இன்மைக் கருதுகோள், மாணவர்கள் பேச்சில் 'நல் ஹைப்போதிசிஸ்'.

சென்னை ஆய்வு எப்படிக் கேட்டது? ஒரே மருந்துச் சிகிச்சையை ஒரு வருடம் கொடுக்கும்போது, வீட்டில் இருப்பவர்களின் குணமடையும் விகிதம் சானட்டோரியத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால் எப்படி? மருந்து இரு பக்கமும் ஒன்று, ஐசோனியாசிட்டும் பாஸும். மாறுவது இடம் மட்டும். கேள்வி இவ்வளவு கூர்மையாக இருந்ததால்தான் பதிலும் கூர்மையாக வந்தது.

இரண்டாம் படி: எதை அளக்கிறோம்?

சானட்டோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடு, ஓய்வு, நர்ஸ் கவனிப்பு எல்லாம் கிடைத்தது. வீட்டில் இருந்தவர்கள் சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு. எதிர்பார்த்தபடியே, சானட்டோரியத்தில் இருந்தவர்களின் உடல் எடை நன்றாகக் கூடியது. வீட்டில் இருந்தவர்களுக்கு அந்த அளவுக்குக் கூடவில்லை.

ஆய்வாளர்கள் எடையை மட்டும் 'குணமாவதற்கான' அளவாக எடுத்திருந்தால், சானட்டோரியம் ஜெயித்திருக்கும். ஆனால் அவர்களின் முக்கிய அளவு, சளிப் பரிசோதனையில் காசநோய்க் கிருமி இருக்கிறதா இல்லையா என்பது. நோயாளி குணமாகிறாரா, மற்றவருக்குப் பரப்புவாரா என்பதை அதுதான் சொல்லும். அந்த அளவில் பார்த்தபோது கதையே வேறு மாதிரி இருந்தது.

இதைத்தான் ஆய்வு மொழியில் ஏற்புடைமை, அதாவது வேலிடிட்டி என்கிறார்கள். அளக்க நினைத்ததைத்தான் அளக்கிறோமா என்ற கேள்வி அது. இதற்கு நம்பகத்தன்மை என்று ஒரு உடன்பிறப்பு உண்டு. திரும்பத் திரும்ப அளந்தாலும் ஒரே மாதிரி வருகிறதா என்பது அது. காய்கறிக் கடையின் தராசு ஒவ்வொரு முறையும் 100 கிராம் கூட்டிக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம்பகத்தன்மையில் அது பக்கா. ஏற்புடைமையில் பூஜ்யம்.

பிஎச்டி ஆய்வேடுகளில் அடிக்கடி வரும் 'க்ரோன்பாக் ஆல்ஃபா' இங்கேதான் குழப்பும். லீ க்ரோன்பாக் 1951-ல் முன்வைத்த இந்த எண் 0.7-க்கு மேல் வந்தால் 'கேள்வித்தாள் ஓகே' என்று அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டும்தான் ஆல்ஃபா சொல்லும். அந்தக் கேள்விகள் அழுத்தத்தைத்தான் அளக்கின்றனவா, மேனேஜர் மீதான கோபத்தை அளக்கின்றனவா என்பது அதற்குத் தெரியாது.

இன்னொன்று, மக்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? வீட்டு நோயாளிகள் 'மாத்திரை சாப்பிட்டேன்' என்று சொன்னதோடு சென்னை ஆய்வாளர்கள் நிறுத்தவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள், மீதி மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். நம் சேலையூர் ஆய்வாளர் யாருடைய வீட்டுக்கும் திடீரென்று போக முடியாது. ஆனால் 'வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறீர்கள்' என்ற பதிலோடு, லாக்இன் நேரம் மாதிரி ஒரு பதிவையும் ஒப்புதலோடு கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: யாரைக் கேட்கிறோம்?

ஆய்வு மாணவர்கள் மத்தியில் ஒரு புகழ்பெற்ற எண் உண்டு: 384. க்ரெஜ்சி, மார்கன் என்ற இருவர் 1970-ல் வெளியிட்ட அட்டவணையிலிருந்து வருவது. மக்கள்தொகை 10 லட்சமாக இருந்தாலும் 384 பேரைக் கேட்டால் போதும் என்று அதைக் காட்டுவார்கள். 384 ஃபார்ம் நிரம்பியதும் ஒரு நிம்மதி.

அந்தக் கணக்கு சரிதான். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. மொத்தப் பட்டியலிலிருந்து ரேண்டமாக, ஒவ்வொருவருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து அந்த 384 பேரைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு சதவீதக் கணக்கு, 95 சதவீத நம்பிக்கையோடு, 5 புள்ளி முன்னே பின்னே உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும். வாட்ஸ்அப் குரூப்பில் வந்த 384 பேருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. அது வசதி மாதிரி, அதாவது கைக்கு எட்டியவர்களை மட்டும் கேட்டது.

காலை 9 மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் நின்று, 'சென்னை ஐடி ஊழியர்கள் எப்படி ஆபீஸ் போகிறார்கள்' என்று சர்வே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலானோர் ரயிலில்தான் போகிறார்கள் என்று 'நிரூபணம்' ஆகிவிடும். ஓஎம்ஆரில் கம்பெனி பஸ்ஸில் போகிறவர், பைக்கில் போகிறவர், வீட்டிலேயே லேப்டாப்பைத் திறப்பவர் யாருமே அந்த வாசலுக்கு வரமாட்டார்கள். 384 பேரைக் கேட்டாலும் 38,400 பேரைக் கேட்டாலும் அதே தப்புதான் வரும்.

இதற்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் 1936 அமெரிக்க அதிபர் தேர்தல். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற பத்திரிகை சுமார் 1 கோடி பேருக்கு அட்டை அனுப்பியது. 23 லட்சத்துக்கும் அதிகமானோர் பதில் போட்டார்கள். அதை வைத்து ஆல்ஃப் லாண்டன் ஜெயிப்பார் என்று பத்திரிகை கணித்தது. ஜெயித்தது ரூஸ்வெல்ட், அதுவும் மிகப் பெரிய வித்தியாசத்தில். முகவரிகளை டெலிபோன் டைரக்டரி, கார் பதிவு மாதிரியான பட்டியல்களிலிருந்து எடுத்திருந்தார்கள். அன்று போனும் காரும் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். அட்டையைத் திருப்பி அனுப்ப மெனக்கெட்டவர்களும் எல்லோரையும் போன்றவர்கள் இல்லை.

அப்போ, ரேண்டம் மாதிரி கிடைக்காவிட்டால் பிஎச்டியே செய்யக் கூடாதா? செய்யலாம். நாலு கம்பெனிகளிடம் அனுமதி வாங்கி, ஊழியர் பட்டியலிலிருந்து ரேண்டமாக எடுத்தால் முடிவு அந்த நாலு கம்பெனிகளுக்கு உறுதியாகப் பொருந்தும். அதுவும் முடியாவிட்டால், 'இது வசதி மாதிரி, இன்னின்னார் இதில் இல்லை' என்று வெளிப்படையாக எழுதி, முடிவையும் அந்த எல்லைக்குள் வைத்துக்கொள்ளலாம். எத்தனை பேருக்கு லிங்க் போனது, எத்தனை பேர் பதில் சொல்லவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். அழுத்தம் அதிகமாக இருப்பவருக்கு ஃபார்ம் நிரப்பவே நேரம் இருந்திருக்காது, இல்லையா?

நான்காம் படி: ஒப்பீடு நியாயமானதா?

இதுதான் சென்னை ஆய்வின் உயிர்நாடி.

நோயாளிகளே தங்கள் இஷ்டப்படி வீடு அல்லது சானட்டோரியம் என்று தேர்ந்தெடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நோய் முற்றியவர் படுக்கை கேட்டிருக்கலாம். சம்பாதித்தே ஆக வேண்டியவர் வீட்டில் தங்கியிருக்கலாம். டாக்டர்களே பிரித்திருந்தாலும் இதே சிக்கல்தான். கடைசியில் வரும் வித்தியாசம் இடத்தால் வந்ததா, போன ஆட்களால் வந்ததா என்று பிரித்துச் சொல்லவே முடியாது. இப்படி ஊடே புகுந்து குழப்புவதைக் குழப்பும் மாறி, கன்ஃபவுண்டர் என்கிறார்கள்.

இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி ரேண்டம் ஒதுக்கீடு. ஆய்வில் சேர்ந்த 193 நோயாளிகளில் யார் வீட்டுக்கு, யார் சானட்டோரியத்துக்கு என்பது குலுக்கல் மாதிரி தற்செயல் முறையில் முடிவானது. அதனால் வயது, நோயின் தீவிரம், வறுமை மட்டுமல்ல, அளக்காமல் விட்ட விஷயங்களும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்துவிடும். பிரிட்டனில் 1948-ல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வு இந்த முறையைப் பிரபலமாக்கியிருந்தது. பத்து வருடத்துக்குள் சென்னை அதை ஒரு பொதுச் சுகாதாரக் கேள்விக்கே பயன்படுத்திவிட்டது.

சேலையூர் ஆய்வாளரால் ஊழியர்களைக் குலுக்கிப்போட்டு 'நீ வீடு, நீ ஆபீஸ்' என்று சொல்ல முடியாது. கைக்குழந்தை உள்ளவர்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர்களைக் கம்பெனி ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கும். அதனால் வயது, அனுபவம், குடும்பப் பொறுப்பு, பயண நேரம் ஆகியவற்றையும் கேட்டு, ரெக்ரஷன் முறையில் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அளந்ததைத்தான் கணக்கில் எடுக்க முடியும். கேள்வித்தாளில் கேட்காததை எஸ்பிஎஸ்எஸ் கண்டுபிடித்துத் தராது. அதனால் அவர் முடிவில் 'தொடர்பு இருக்கிறது' என்று எழுதலாம், 'காரணம்' என்று எழுதக் கூடாது.

ஐந்தாம் படி: பி மதிப்பு என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை?

ஒரு வருடம் முடிந்தபோது வீட்டுச் சிகிச்சை பெற்றவர்களில் 86 சதவீதம் பேருக்கும், சானட்டோரியத்தில் இருந்தவர்களில் 92 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. 6 புள்ளி வித்தியாசம். இது நிஜ வித்தியாசமா, தற்செயலா?

புரிந்துகொள்ள எளிதாக, ஒவ்வொரு பக்கமும் சரியாக 100 பேர் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். பி மதிப்பு சுமார் 0.17 வருகிறது. அதாவது, உண்மையில் இரண்டு இடத்துக்கும் வித்தியாசமே இல்லை என்றாலும், இந்த அளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக 100-க்கு 17 தடவை வரக்கூடும். வழக்கமான 0.05 எல்லைக்கு மேலே இருப்பதால் 'சிக்னிஃபிகன்ட் இல்லை'.

இங்கே பலரும் ஒரு தவறு செய்கிறார்கள். 'சிக்னிஃபிகன்ட் இல்லை, எனவே இரண்டும் சமம்' என்று எழுதிவிடுகிறார்கள். பி மதிப்பு அப்படிச் சொல்லவே இல்லை. அதே 100 பேர் கணக்கில் 95 சதவீத நம்பக இடைவெளியைப் பார்த்தால் விஷயம் புரியும். சானட்டோரியம் 15 புள்ளி வரை மேலாகவும் இருக்கலாம், வீடு 3 புள்ளி மேலாகவும் இருக்கலாம். டேட்டா இரண்டுக்குமே இடம் கொடுக்கிறது.

இப்போது அதே 86, 92 சதவீதங்களை வைத்து, பக்கத்துக்கு 1,000 பேர் என்று போடுங்கள். இடைவெளி 3 முதல் 9 புள்ளி வரை எனச் சுருங்கிவிடும். பி மதிப்பு 0.001-க்கும் கீழே போய்விடும். வித்தியாசம் மாறவில்லை, 6 புள்ளிதான். மாறியது ஆட்களின் எண்ணிக்கை. அதனால்தான் பி மதிப்பை மட்டும் எழுதாமல், வித்தியாசம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

எத்தனை பேர் தேவை என்பதும் இங்கிருந்துதான் வருகிறது. 86-க்கும் 92-க்கும் உள்ள வித்தியாசத்தை 80 சதவீத வாய்ப்போடு பிடிக்க, ஒவ்வொரு பக்கமும் சுமார் 420 பேர் தேவை. இரண்டு குழுவை ஒப்பிடும் ஆய்வுக்கு 384 என்ற எண் பொருந்தாமல் போவது இதனால்தான். ஜி-பவர் மாதிரி இலவச மென்பொருளில் இதை ஆய்வுக்கு முன்பே பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

அப்படியானால் சென்னை ஆய்வாளர்கள் எதை வைத்து வீட்டுச் சிகிச்சையை ஆதரித்தார்கள்? அவர்கள் ஒரே ஒரு எண்ணை நம்பவில்லை. வீட்டுப் பிரிவின் முடிவு சானட்டோரியத்துக்கு மிக நெருக்கமாக இருந்தது. 5 ஆண்டுகள் வரை தொடர்ந்து கண்காணித்தார்கள், வீட்டுப் பிரிவு பின்தங்கவில்லை. நோயாளியோடு ஒரே வீட்டில் வாழ்ந்த குடும்பத்தினரையும் தனியாகக் கண்காணித்தார்கள், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்கு ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை. இதையெல்லாம் அன்றைய படுக்கைப் பற்றாக்குறையோடு வைத்துப் பார்த்துத்தான், சரியான கண்காணிப்பு இருந்தால் பெரும்பாலானோரை வீட்டிலேயே குணப்படுத்தலாம் என்று எழுதினார்கள். 'சரியான கண்காணிப்பு இருந்தால்' என்ற நிபந்தனையை அவர்கள் விட்டுவிடவில்லை.

20 டெஸ்ட் போட்டால் ஒன்றாவது ஒட்டும்

டேட்டா கையில் வந்தபின் டெஸ்ட் தேடுவதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. வயது வாரியாக, பாலின வாரியாக, சம்பள வாரியாக, கம்பெனி வாரியாக என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். உண்மையில் எந்த வித்தியாசமும் இல்லாத டேட்டாவிலும், ஒன்றையொன்று சாராத 20 டெஸ்ட் போட்டால் குறைந்தது ஒன்றாவது 0.05-க்குக் கீழே வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். அந்த ஒன்றை மட்டும் ஆய்வேட்டில் போட்டுவிட்டு மீதி 19-ஐ மறைத்தால், படிப்பவருக்கு அது கண்டுபிடிப்பு மாதிரியே தெரியும்.

2016-ல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி மதிப்பு பற்றித் தனியாக ஒரு அறிக்கையே வெளியிட்டது. பி மதிப்பு ஓர் எல்லையைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எடுக்கக் கூடாது என்பது அதன் முக்கியமான அறிவுரைகளில் ஒன்று.

தீர்வு எளிமையானது. எந்தக் கருதுகோள், எந்த டெஸ்ட் என்பதை டேட்டா வருவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு, கைடிடம் கொடுத்துவிடுவது. பின்னால் வேறு ஏதாவது சுவாரசியமாகக் கண்ணில் பட்டால், 'இது தேடும்போது கிடைத்தது, இன்னும் சோதிக்கவில்லை' என்று சொல்லி எழுதலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறாம் படி: எவ்வளவு தூரம் சொல்லலாம்?

முடிவை அதன் எல்லைக்குள் வைப்பது எப்படி என்பதற்கும் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. 1968-ல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிசிஜி தடுப்பூசி சோதனை தொடங்கியது. சுமார் 2.8 லட்சம் பேருக்கு ரேண்டமாகப் பிசிஜி அல்லது மருந்தில்லாத போலி ஊசி போடப்பட்டது. எது யாருக்கு என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. எதிர்பார்ப்பு முடிவைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு இருபக்க மறைப்பு என்று பெயர்.

15 ஆண்டு கண்காணிப்பின் முடிவு 1999-ல் வெளியானது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அங்கே பிசிஜி தடுக்கவில்லை, குழந்தைகளில் சிறிதளவு பாதுகாப்பு தெரிந்தது.

இதை மட்டும் கேட்டுவிட்டு 'பிசிஜி வேஸ்ட்' என்று ஃபார்வர்டு போட்டால் அது பெரிய தப்பு. குழந்தைகளைத் தாக்கும் மூளைக்காய்ச்சல் காசநோய் மாதிரியான கடுமையான வகைகளிலிருந்து பிசிஜி பாதுகாக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதனால்தான் இந்தியாவில் பிறந்த குழந்தைக்கு இன்றும் அது போடப்படுகிறது. செங்கல்பட்டு சோதனை எதை அளந்ததோ அதற்குத்தான் பதில் சொன்னது. அளக்காததற்கு அதை இழுக்கக் கூடாது.

சேலையூர் ஆய்வாளருக்கும் இதே விதிதான். ஓஎம்ஆரில் நாலு கம்பெனியில் எடுத்த முடிவு 'இந்திய ஐடி துறை' பற்றிய முடிவு ஆகாது.

ஃபார்ம் அனுப்பும் முன் ஒரு பக்கம் எழுதுங்கள்

மென்பொருளைத் திறக்கும் முன், ஒரே ஒரு தாளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பார்க்கலாம்:

1. என் கேள்வி என்ன? எந்த விடை வந்தால் நான் நினைத்தது தவறு என்று ஒப்புக்கொள்வேன்?

2. எதை அளக்கிறேன்? அது நான் சொல்ல வந்த விஷயம்தானா, பக்கத்தில் இருக்கும் வேறு ஒன்றா?

3. யாரைக் கேட்கிறேன்? யார் விடுபடுகிறார்கள்? அவர்கள் பதில் வேறு மாதிரி இருக்குமா?

4. ஒப்பிடும் இரண்டு குழுக்களும் வேறு எந்தெந்த விதத்தில் வித்தியாசப்படுகின்றன? அதையெல்லாம் கேட்டிருக்கிறேனா?

5. எவ்வளவு வித்தியாசம் இருந்தால் அது நடைமுறையில் முக்கியம்? அதைப் பிடிக்க எத்தனை பேர் வேண்டும்?

6. எந்த டெஸ்ட்? ஏன் அது?

7. முடிவு யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

ஆறாவது கேள்விக்கு வரும்போது ஒன்று புரியும். முதல் ஐந்துக்கும் பதில் தெளிவாக இருந்தால், 'என்ன டெஸ்ட் போடணும்' என்பது பெரிய கேள்வியே இல்லை. இரண்டு குழுவின் சராசரி என்றால் டி டெஸ்ட், இரண்டு குழுவின் சதவீதம் என்றால் கை ஸ்கொயர், பல காரணிகளைச் சேர்த்துப் பார்க்க ரெக்ரஷன். எஸ்பிஎஸ்எஸ் வாங்க முடியாதவர்களுக்கு ஜமோவி, ஜாஸ்ப், ஆர் எல்லாம் இலவசம். பட்டனை அழுத்துவது கடைசி பத்து நிமிட வேலை.

சென்னை ஆய்வுக்குப் பிறகு, படுக்கைக்காகக் காத்திருக்காமல் மருந்தை நோயாளி இருக்கும் இடத்துக்கே கொண்டுபோகும் பாதை திறந்தது. 1962-ல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் அந்தப் பாதையில்தான் போனது. இன்று காசநோயாளிகளில் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே சிகிச்சை பெறுகிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் அந்த 193 பேர் இருக்கிறார்கள். அவர்களை எப்படிப் பிரிப்பது, எதை அளப்பது, மாத்திரை சாப்பிட்டார்களா என்று எப்படிச் சரிபார்ப்பது என்பதெல்லாம் எஸ்பிஎஸ்எஸ் என்ற பெயரே இல்லாத காலத்தில், முன்கூட்டியே யோசித்து முடிவு செய்யப்பட்டவை.